ஜாவா வெப் அப்ளிகேஷனில் ஈவென்ட்: சிடிஐ எங்கே கைகொடுக்கிறது, எங்கே சத்தமில்லாமல் கவிழ்க்கிறது

ஆர்டர் எடுக்கும் சின்ன அப்ளிகேஷன் ஒன்று. ஆர்டர் சேவ் ஆனதும் ஸ்டாக் குறைய வேண்டும், ஆடிட் வரி ஒன்று எழுத வேண்டும், வாடிக்கையாளருக்கு மெயில் போக வேண்டும். மூன்றையும் ஆர்டர் சர்வீஸ் நேராகக் கூப்பிட்டால் நாலாவது வேலை வரும்போதும் அதே கிளாஸைத்தான் திறக்க வேண்டும். இதற்காகவே 2009-இல் ஜாவா இஇ 6-உடன் வந்தது சிடிஐ (கிளாஸ்களை உருவாக்கி ஒன்றோடொன்று இணைத்துத் தரும் ஜாவா வசதி) ஈவென்ட். வைல்ட்ஃப்ளை, பயாரா, ஓப்பன் லிபர்ட்டி, டாம்இஇ ஆகிய சர்வர்கள் எதிலும் தனி லைப்ரரி தேவையில்லை. வெறும் டாம்கேட் என்றால் சிடிஐ தரும் லைப்ரரியான வெல்ட் அல்லது ஓப்பன்வெப்பீன்ஸை நாமே சேர்க்க வேண்டும்.

அமைப்பது பத்து நிமிட வேலை. ஆர்டர் எண்ணும் நேரமும் உள்ள ஒரு ரெகார்ட்தான் ஈவென்ட். சர்வீஸில் ஈவென்ட் ஆப்ஜெக்டை இன்ஜெக்ட் செய்து (அதாவது சிடிஐயே கொண்டுவந்து தரும்படி விட்டு) ஃபயர் மெத்தடைக் கூப்பிட வேண்டும். கேட்கும் பக்கத்தில் மெத்தடின் ஒரு பாராமீட்டருக்கு முன்னால் அப்சர்வ்ஸ் அனொடேஷன் போட்டால் போதும், அந்த மெத்தட்தான் அப்சர்வர். ஈவென்டுக்குள், டேட்டாபேஸ் வரியோடு இணைந்த முழு ஆர்டர் என்டிட்டியைத் திணிக்காதீர்கள், எண்ணை மட்டும் அனுப்புங்கள். டிரான்சாக்‌ஷன் (மொத்தமாகச் சேரும் அல்லது மொத்தமாக ரத்தாகும் டேட்டாபேஸ் வேலைகளின் தொகுப்பு) முடிந்தபின் அந்த என்டிட்டி டேட்டாபேஸ் தொடர்பிலிருந்து டிடாச் ஆகியிருக்கும். தேவைப்படும்போது மட்டும் டேட்டாபேஸிலிருந்து வரும் அதன் லேஸி லிஸ்டைத் தொட்டால் பெரும்பாலும் எக்செப்ஷன்தான்.

ஃபயர் என்ற பெயரைப் பார்த்து ‘எறிந்துவிட்டுப் போய்விடலாம்’ என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படியல்ல. அப்சர்வர்கள் அதே த்ரெடில், அதே டிரான்சாக்‌ஷனில் ஒவ்வொன்றாக ஓடும். எல்லாம் முடிந்த பிறகே ஃபயர் திரும்பும். மெயில் சர்வர் 3 விநாடி எடுத்தால் வாடிக்கையாளரும் 3 விநாடி காத்திருப்பார். ஒரு அப்சர்வர் எக்செப்ஷன் எறிந்தால் மீதி அப்சர்வர்கள் ஓடாது, அந்த எக்செப்ஷன் நேராக ஆர்டர் சர்வீஸுக்கு வரும், ஆர்டர் ரோல்பேக் ஆகும், அதாவது சேவ் ஆனது ரத்தாகும். ஸ்டாக் குறைப்புக்கு இதுதான் வேண்டும். சரக்கு இல்லையென்றால் ஆர்டரும் சேவ் ஆகக் கூடாது. மெயிலுக்கு இது ஆபத்து.

சிடிஐயை நான் பரிந்துரைக்க முதல் காரணம் இந்த இடத்துக்கான அதன் தீர்வு. அப்சர்வ்ஸ் அனொடேஷனில் ட்யூரிங் என்ற மதிப்பை ஆஃப்டர் சக்சஸ் என்று வைத்தால், கமிட் (மாற்றங்கள் டேட்டாபேஸில் நிலைப்படும் கட்டம்) நல்லபடியாக முடிந்த பிறகே அந்த மெத்தட் ஓடும். ரோல்பேக் ஆன ஆர்டருக்கு “உங்கள் ஆர்டர் உறுதி” என்று மெயில் போகவே போகாது. ஒரே ஒரு வார்த்தையில் இவ்வளவு பாதுகாப்பு! ஆனால் அதன் நாலு குணங்களைத் தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

முதலில், டிரான்சாக்‌ஷனே இல்லாத இடத்திலிருந்து ஃபயர் செய்தால் அப்சர்வர் உடனே ஓடிவிடும். ஸ்பிரிங்கில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே டிரான்சாக்‌ஷன் இல்லையென்றால், தனியாகச் சொல்லி வைக்காதவரை ஈவென்டே கைவிடப்படும். இரண்டாவது, இதில் வரும் எக்செப்ஷன் சர்வர் லாகோடு நின்றுவிடும், கூப்பிட்டவருக்கு வராது. மூன்றாவது, கமிட்டுக்குப் பிறகு என்பதால் பின்னணியில் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. அதே த்ரெட்தான், அந்த 3 விநாடி அப்படியே இருக்கும். நாலாவது, அதற்குள் டேட்டாபேஸில் எழுத முயன்றால் பழைய டிரான்சாக்‌ஷன் ஏற்கெனவே முடிந்திருக்கும், எழுதியது சேராமலே போகலாம். ஆடிட் வரியை ட்யூரிங் எதுவும் குறிக்காத சாதாரண அப்சர்வரில் எழுதுவதே சரி.

சிடிஐ 2.0 (2017), அப்சர்வர்களை வேறு த்ரெடில் ஓட்டும் ஃபயர்அசிங்க்கைக் கொண்டுவந்தது. சிடிஐயின் பலவீனமான பகுதியும் அதுவே. ஃபயர்அசிங்க் செய்ததை அப்சர்வ்ஸ் கேட்காது, ஃபயர் செய்ததை அப்சர்வ்ஸ்அசிங்க் கேட்காது. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டால் எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது, மெயில் நின்றுவிடும். ரெக்வெஸ்ட் ஸ்கோப்பும் (ஒரு ரெக்வெஸ்ட் முடியும்வரை மட்டும் வாழும் தகவல்) புதிது. லாகின் செய்தவரின் விவரத்தை அங்கே தேடினால் காலியாக இருக்கும், அதை ஈவென்டிலேயே வைத்து அனுப்புங்கள். அப்சர்வரில் வரும் எக்செப்ஷன் ஃபயர்அசிங்க் திருப்பித் தரும் கம்ப்ளீஷன்ஸ்டேஜ் என்ற முடிவு ஆப்ஜெக்டில் போய் உட்காரும். அதற்கு எக்செப்ஷனலி மெத்தட் மாட்டி லாக் செய்யாவிட்டால் போனது போனதுதான்.

இதைவிட மோசமானது டிரான்சாக்‌ஷன் நடுவில் ஃபயர்அசிங்க் செய்வது. வேறு த்ரெடில் ஓடும் அப்சர்வர், கமிட் ஆகும் முன்பே ஆர்டரைத் தேடி “அப்படி ஒரு ஆர்டர் இல்லை” என்று விழும். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடும், கூட்டம் ஏறியதும் அவ்வப்போது உடையும். அப்சர்வ்ஸ்அசிங்க்கில் ட்யூரிங் கிடையாது என்பதால் இரண்டு படியாகத்தான் போக வேண்டும்: ஆஃப்டர் சக்சஸ் அப்சர்வர் வேலையை, அதைப் பின்னணி த்ரெடில் ஓட்டும் மேனேஜ்ட்எக்ஸிக்யூட்டர்சர்வீஸிடம் கொடுக்கட்டும், மெயில் அங்கிருந்து போகட்டும். வாடிக்கையாளரும் காத்திருக்க மாட்டார்.

“அப்சர்வர் ஓடவே இல்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் கண்ணெதிரே இருக்கும். கிளாஸின் மேல் அப்ளிகேஷன்ஸ்கோப்ட் போன்ற ஸ்கோப் அனொடேஷன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்பு காலியான பீன்ஸ் டாட் எக்ஸ்எம்எல் ஃபைல் இருந்தாலே எல்லா கிளாஸும் பீன் (சிடிஐ நிர்வகிக்கும் கிளாஸ்) ஆகும். ஜகார்த்தா இஇ (ஜாவா இஇ-யின் புதிய பெயர்) 10-இல் வந்த சிடிஐ 4.0-இலிருந்து அனொடேஷன் உள்ளவை மட்டும்தான். அப்கிரேட் செய்த அன்றே சில அப்சர்வர்கள் காணாமல் போவது இதனால்தான். அடுத்தது இம்போர்ட் வரி: ஜகார்த்தா சர்வரில் பழைய ஜாவாக்ஸ் பேக்கேஜின் அப்சர்வ்ஸ் இருந்தால் சிடிஐ அதைக் கண்டுகொள்ளாது. இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே வகை ஈவென்டுகளைப் பிரித்துக் காட்டும் அனொடேஷனான க்வாலிஃபையர் போடாத அப்சர்வர் அந்த வகை ஈவென்ட் எல்லாவற்றையும் பிடிக்கும், க்வாலிஃபையரோடு எறிந்ததையும் சேர்த்து. ஒரே ஆர்டருக்கு இரண்டு மெயில் போனால் அங்கே பாருங்கள்.

இந்த மௌனத்தை உடைக்க டெஸ்டில் பீன்மேனேஜரை இன்ஜெக்ட் செய்து ரிசால்வ்அப்சர்வர்மெத்தட்ஸைக் கூப்பிட்டு, எத்தனை அப்சர்வர் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தால் பில்டே உடையட்டும்.

வரிசை முக்கியம் என்றால் 2.0-இலிருந்து ப்ரையாரிட்டி உண்டு. சிறிய எண் முதலில் ஓடும், எதுவும் போடாவிட்டால் 2500. அதை மெத்தடின் மேல் அல்ல, ஈவென்ட் பாராமீட்டரில் போட வேண்டும்.

ஒரே சர்வருக்குள், ஒரே அப்ளிகேஷனுக்குள் என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பணம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு மட்டும் வேண்டாம். ஈவென்ட் நினைவகத்தில்தான் இருக்கிறது. கமிட் ஆன அடுத்த நொடி சர்வர் விழுந்தால் அதுவும் போய்விடும். அங்கே ஜேஎம்எஸ் (ஜாவாவின் மெசேஜ் க்யூ வசதி) வையுங்கள். இல்லையென்றால் ஆர்டரோடு அதே டிரான்சாக்‌ஷனில் ஒரு டேபிளில் ஒரு வரி எழுதிவைத்து, டைமர் ஒன்று அதைப் படித்து அனுப்பும்படி செய்யுங்கள்.