குடும்பத்தில் சிலருக்கு பிசினஸ் கிளாஸ், சிலருக்கு எகானமி என்று டிக்கெட் போடுவோர் கவனத்துக்கு

வயதான பெரியவர்களை பிசினஸ் வகுப்பிலும் மற்றவர்களை எகானமியிலும் அமர்த்தி ஒரே விமானத்தில் குடும்பமாகப் பயணம் செய்வது இப்போது பரவலாகிவிட்டது. கையிலிருக்கும் பணத்துக்குள் முடியாதவருக்கு வசதி செய்து தருவதில் தவறேதும் இல்லை. ஆனால், "எல்லாரும் ஒரே புக்கிங்தான்" என்று டிராவல்ஸ்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிப் பணம் கட்டினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் குடும்பம் விமான நிலையத்தில்தான் தெரிந்துகொண்டது. புகார் நிலுவையில் இருப்பதால் அந்த டிராவல்ஸின் பெயரையோ விமான நிறுவனத்தின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் நான், என் கணவர், 14 வயது மகன், 8 வயது மகள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மாமியார் ஆகிய ஐவரும் சென்னையிலிருந்து லண்டன் செல்ல வேண்டியிருந்தது. நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். அத்தையால் காலை மடக்கியபடி நெடுநேரம் உட்கார முடியாது என்பதால் அவருக்கு பிசினஸ் வகுப்பும், அவரைத் தனியே விட முடியாது என்பதால் துணையாக எனக்கும் அதே வகுப்பும், கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எகானமியும் என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் அப்பாவுடனேயே இருப்பார்களா, இடையில் நான் போய்ப் பார்க்க முடியுமா என்று வாட்ஸ்ஆப்பில் எழுத்துமூலமாகவே கேட்டேன். "அஞ்சு பேரும் ஒரே புக்கிங் மேடம். பசங்க சார் கூடத்தான் இருப்பாங்க. ஸ்கிரீனைத் தள்ளிட்டு எப்ப வேணா போய்ப் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. அவர் அனுப்பிய பயணத்தாளிலும் ஐந்து பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் இருந்தன. மேலே கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த எண் அவருடைய அலுவலகத்தின் சொந்தக் குறிப்பெண் என்பதும், விமான நிறுவனத்தின் பதிவு எண்ணான பி.என்.ஆர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று விதமாக இருந்தது என்பதும் அந்தத் தாளை நீட்டியபோது கவுண்டரில் இருந்தவர் விரல் வைத்துக் காட்டிய பிறகே தெரிந்தது.

இதிலுள்ள சூட்சுமத்தைச் சற்று விளக்க வேண்டும். ஒரு பி.என்.ஆரில் உள்ள அனைவரும் ஒரு விமானத்தில் ஒரே வகுப்பில்தான் பொதுவாகப் பதிவாக முடியும். ஒருவரை மேல்வகுப்புக்கு மாற்றினால் பதிவு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே எங்களுக்கு இரண்டு பி.என்.ஆர். இருப்பது இயல்பு, அதை டிராவல்ஸ்காரர் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. எகானமிக்குள்ளேயே பல கட்டணப் படிகள் உண்டு. மிகக் குறைந்த படியில் ஒரே ஒரு இருக்கை மிச்சமிருக்கும்போது மூன்று பேருக்குச் சேர்த்துக் கேட்டால், மூவருக்கும் இடமுள்ள அடுத்த படியின் கட்டணத்தைத்தான் கணினி காட்டும். டிராவல்ஸ்காரர் என் கணவரைத் தனியாகப் பிரித்து அந்தக் குறைந்த விலை இருக்கையில் போட்டுவிட்டு, எங்களிடம் மூவருக்கும் கூடுதல் கட்டணத்தையே வாங்கிக்கொண்டார். விமான நிறுவனத்திடமிருந்து டிக்கெட் நகலைப் பின்னர் வாங்கிப் பார்த்தபோது வித்தியாசம் பதினோராயிரம் ரூபாய்க்கும் மேல் இருந்தது. இந்தப் பதினோராயிரத்துக்காகத்தான் இரண்டு பிள்ளைகள் பெரியவர் யாரும் இல்லாத ஒரு பதிவில் தனியாக விடப்பட்டார்கள். 12 வயதைக் கடந்தவர்களுக்கு முழுக் கட்டணம் என்பதால் என் மகன் கணினியின் கணக்கில் பெரியவன். எனவே அந்தப் பதிவு ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் செல்வதுபோலத் தோன்றி, எந்தத் தடையும் இல்லாமல் பணம் ஏற்கப்பட்டுவிட்டது.

பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு இரண்டாவது விமானத்தின் நேரத்தை நிறுவனம் மாற்றியிருக்கிறது. அத்தகைய மாற்றத்தை ஒவ்வொரு பி.என்.ஆருக்கும் தனித்தனியே ஏற்றுக்கொண்டு டிக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டும். தொடர்பு விவரங்களில் எங்கள் கைபேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் பதிலாகத் தன்னுடையதையே டிராவல்ஸ்காரர் கொடுத்திருந்ததால் எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை. அவர் இரண்டு பதிவுகளைப் புதுப்பித்துவிட்டு மூன்றாவதை, அதாவது என் கணவருடையதை, அப்படியே விட்டுவிட்டார்.

நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கவுண்டரில் எங்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: கணவருக்கு இருக்கை ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் செல்லத்தக்க டிக்கெட் இல்லை, டிக்கெட் வழங்கிய ஏஜெண்ட்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். ஏஜெண்டின் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. புதிய டிக்கெட்டுக்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுக் கணவர் வீட்டுக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டார். உடனே அடுத்த சிக்கல் எழுந்தது. 12 வயதுக்குட்பட்ட குழந்தையுடன் அதே வகுப்பில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பது பல விமான நிறுவனங்களின் விதி. வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும், ஆனால் கட்டணக் கணக்கில் பெரியவனான 14 வயது அண்ணனை இந்த விதிக்குப் பெரும்பாலும் பெரியவராகக் கொள்ள மாட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் தாய் இருப்பது செல்லாது. மகளை விட்டுவிட்டுச் செல்வதா, அத்தையைத் தனியே அனுப்புவதா என்ற நிலையில், கணவர் விட்டுச்சென்ற எகானமி இருக்கையை நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். "பயணியின் சொந்த வேண்டுகோளின்படி கீழ்வகுப்புக்கு மாற்றம்" என்பது அதன் சாரம். வரிசையில் பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பும் சக்கர நாற்காலியில் அத்தையின் கலங்கிய முகமுமாக இருந்த அந்த வேளையில், ஒரு லட்சத்துக்கும் மேலான என் கட்டண வித்தியாசம் அந்த ஒரு வரியில் போய்விடும் என்று அந்தக் கவுண்டரில் எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

விமானத்திலும் அலைக்கழிப்பு தொடர்ந்தது. கணவரின் இருக்கை பிள்ளைகளுடையதிலிருந்து பல வரிசைகள் தள்ளி இருந்தது. பெயர் தெரியாத ஓர் இளைஞர் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால்தான் மகளின் அருகில் அமர முடிந்தது. 12 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் அருகிலாவது இருக்கை ஒதுக்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது, ஆனால் அது ஒரே பி.என்.ஆரில் பயணிப்பவர்களுக்கு என்றே சொல்கிறது. பதிவைப் பிரித்தவர் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துப் பிரித்துவிட்டார். அத்தையைப் பார்க்கப் போனபோது திரைச்சீலையருகே விமானப் பணிப்பெண் மரியாதையாகவே தடுத்தார். ஒருமுறை மட்டும், மாத்திரை கொடுக்க, உடன் வந்து அழைத்துச் சென்றார். படுக்கையாக்கும் பொத்தான் எதுவென்று தெரியாமல், யாரையும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய அந்த இருக்கையில் அத்தை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். சைவச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததும் அவருடைய பதிவில் காணப்படவில்லை. ரொட்டியும் பழமும் சாப்பிட்டதாகச் சொன்னார்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டபோது ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். இந்திய விதிப்படி, உறுதி செய்யப்பட்ட டிக்கெட் வைத்திருப்பவரை அவர் விருப்பமின்றிக் கீழ்வகுப்புக்கு மாற்றினால், உள்நாட்டுப் பயணத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதமும், சர்வதேசப் பயணத்தில் 1500 கிலோமீட்டர் வரை 30, 3500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதமும் திருப்பித் தர வேண்டும். 2023 பிப்ரவரி 15 முதல் இது நடைமுறையில் உள்ளது. நிறுவனமோ என் கையெழுத்தைக் காட்டி, இது விருப்ப மாற்றம் என்றது. டிராவல்ஸ்காரர், அப்கிரேடு செய்த கட்டணம் திரும்பாது என்றார். அத்தகைய தாளை நீட்டினால், கையெழுத்துக்கு மேலேயே மாற்றத்தின் காரணத்தை உங்கள் கைப்பட எழுதிவிட்டு, கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போட்ட அன்றே விமான நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பி.என்.ஆரையும் குடும்பப் பெயரையும் இட்டுப் பாருங்கள். குழந்தையின் பதிவில் பெரியவர் ஒருவரின் பெயர் இருக்கிறதா, தொடர்பு எண் உங்களுடையதா என்பவை அங்கேயே தெரிந்துவிடும். பிரிந்தே தீர வேண்டிய பதிவுகளை ஒன்றோடொன்று இணைத்துக் குறிப்பு எழுத ஏஜெண்டாலும் நிறுவனத்தாலும் முடியும். இணைக்கப்பட்டதை எழுத்தில் கேளுங்கள். அப்படி ஒரு வசதியே இல்லை என்று சொல்லும் ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள்.

விமானப் பயணிகளின் குறைகளுக்கான அரசுத் தளமான ஏர்சேவாவில் புகார் பதிந்த பிறகு டிராவல்ஸ்காரரே அழைத்து, கணவர் டிக்கெட்டின் கட்டண வித்தியாசத்தை மட்டும் தருவதாகவும் புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் பேசினார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் கேட்ட பிறகு, வாட்ஸ்ஆப் உரையாடல், பயணத்தாள், மூன்று டிக்கெட் பதிவுகளின் நகல்கள் ஆகியவற்றை இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறோம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே வழக்குக் கட்டணம் இல்லை. குறைபாடு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். ஏஜெண்ட் தரப்பின் பதில் மனு இன்னும் வரவில்லை.