மாங்காய்க்கு எந்தப் பெட்டி? கூடை, மரப்பெட்டி, அட்டை, கிரேட்

சித்திரை பிறந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் மண்டிகளில் எல்லோரும் கேட்பது மாங்காய் என்ன விலை என்றுதான். எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தக் காயைச் சுமந்து போன பெட்டி என்ன ஆயிற்று?

சந்தூர் அருகே இருக்கும் எங்கள் குடும்பத் தோப்பிலிருந்து பருவம் தவறாமல் செந்தூரா, பெங்களூரா ரக மாங்காய்கள் வெளியூருக்கு லாரி ஏறுகின்றன. காய் தின்று தீர்ந்துவிடும், பெட்டி தீராது. அது மறுபடி நம் தோப்புக்கே வர வேண்டும், இல்லையென்றால் மக்கி மண்ணாக வேண்டும், அதுவும் இல்லையென்றால் உருகி இன்னொரு பெட்டியாக வேண்டும். இந்த மூன்றில் எந்த வழியும் இல்லாத பெட்டி ஏரிக்கரையில்தான் போய்க் கிடக்கும். சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெரிய பெயரை நான் இந்த அளவில்தான் புரிந்துவைத்திருக்கிறேன். ஒரு பொருளைச் செய்யும் நாளிலேயே அதன் கடைசி நாளையும் யோசித்துச் செய்ய வேண்டும். இந்தக் கண்ணோடு நான்கு பெட்டிகளைப் பார்த்தேன்.

மூங்கில் கூடையிலிருந்து தொடங்குகிறேன், மனசு அதன் பக்கம்தான் சாய்கிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் மூங்கில் இருக்கிறது. முடைகிற கைகளும் இன்னும் இருக்கின்றன. கூடையில் ஆணி இல்லை, பசை இல்லை, சாயம் இல்லை. விளிம்பு பிய்ந்தால் நாலு பட்டை வைத்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். கடைசியில் எருக்குழியில் போட்டால் மண்ணாகிவிடும். 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கினார்கள். பட்டா நிலத்தில் மூங்கில் வைப்பவருக்கு அதனால் வழி எளிதாயிற்று.

ஆனால் கூடையை லாரியில் அடுக்கிப் பார்த்தால் அதன் குறை தெரிந்துவிடும். மேல் கூடையின் பாரம் முழுவதும் கீழ்க் கூடையின் காய்மேல் இறங்குகிறது. பிளாஸ்டிக் கிரேட்டிலும் நல்ல அட்டைப்பெட்டியிலும் பாரத்தைப் பக்கச் சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன, காய்மேல் எதுவும் விழுவதில்லை. நசுங்கிய ஒரு காய்க்குள் ஒரு வருடத் தண்ணீரும் எருவும் ஆள்கூலியும் இருக்கின்றன. பெட்டி மக்கும் என்பதற்காகக் காயை அழுகவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தோப்புக்குள் பறிப்பதற்கும், பக்கத்துச் சந்தைக்கு ஒரே அடுக்காகக் கொண்டுபோவதற்கும் கூடையைப் போல வேறொன்று இல்லை. லாரிக்கு அது ஆகாது.

மரப்பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. உறுதியானது, ஆனால் கனம் அதிகம், சொரசொரப்பு காயின் தோலைக் கீறுகிறது, ஈரம் குடித்துப் பூசணம் பிடிக்கிறது. ஒன்றிரண்டு நடைக்குப் பிறகு பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகிறது. எரித்துவிட்ட மரம் எந்தச் சுழற்சிக்கும் திரும்புவதில்லை.

அட்டைப்பெட்டிக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

அட்டைக்குப் பலம், அதைத் திரும்ப வாங்க ஏற்கெனவே ஒரு வழி இருப்பது. எந்த ஊரிலும் பழைய பேப்பர் கடைக்காரர் அட்டையை எடைக்கு வாங்கிக்கொள்கிறார். அங்கிருந்து அது காகித ஆலைக்குப் போகிறது. அடுக்குகளை ஒட்டுவது பெரும்பாலும் மாவுப் பசை என்பதால் தண்ணீரில் ஊறினால் தானாகப் பிரிந்துவிடும். காகித நார் ஒவ்வொரு முறை கூழாகும்போதும் கொஞ்சம் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு சுற்று வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்குள் புது நார் சேர்த்தாக வேண்டும்.

இந்த நல்ல பெட்டியைக் கெடுப்பது பளபளப்பு ஆசை. மூன்று கிலோ, ஐந்து கிலோ அன்பளிப்புப் பெட்டிகளில் மாம்பழப் படத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிறார்கள். ஒரு பெட்டியை வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பார்த்தேன். அட்டை கஞ்சியாகிவிட்டது, படம் அச்சிட்ட தாள் மட்டும் படலத்தோடு முழுசாக மிதந்தது. ஆலைக்காரர் அதை வடிகட்டிக் குப்பையில் போட வேண்டும். படலம் இல்லாமல் அச்சிட்டாலும் மாம்பழம் மாம்பழமாகத்தான் தெரியும். இன்னொரு குறை ஈரம். மழையில் நனைந்த அட்டையின் சுவர் பாரம் தாங்காது, அப்போது அதுவும் கூடையின் நிலைக்கே வந்துவிடுகிறது.

இனி கிரேட். ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை, இருபது கிலோ காய் பிடிக்கும். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிச் சந்தைகளில் இதுதான் நடைமுறை. நல்ல கிரேட் பல வருடம் உழைக்கிறது. ஆனால் 'நல்ல' என்ற அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு விலை மலிவு என்று ஒரு வியாபாரியிடம் நூறு கிரேட் வாங்கினோம். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டாவது பருவத்திலேயே மூலைகள் படக்படக்கென்று உடைந்தன. உடைந்த சில்லு ஒன்றையும் எங்கள் பழைய கிரேட்டின் சில்லு ஒன்றையும் ஒரே வாளியில் போட்டேன். பழையது மிதந்தது. புதியது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. கிரேட் செய்யப் பயன்படும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தண்ணீரைவிட லேசானது, அடர்த்தி சுமார் 0.95. அதோடு சுண்ணாம்புக்கல் பொடியை நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்தாலே தண்ணீரைவிடக் கனமாகிவிடும். பொடி சேர்த்தால் விலை இறங்குகிறது, வளைந்து கொடுக்கும் குணமும் கூடவே போய்விடுகிறது. காயலான் கடைக்குப் போன பிறகும் இது தொல்லைதான். அரவை ஆலையில் சில்லுகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு மிதப்பது, மூழ்குவது என்று பிரிக்கிறார்கள். பொடி கலந்தது தவறான பக்கம் போய்ச் சேரும். கிரேட் வாங்கப் போகிறவர்கள் ஒரு வாளித் தண்ணீரோடு போகலாம், நான் இப்போது அப்படித்தான் போகிறேன்.

கிரேட்டுக்கு வேறு சில வினைகளும் உண்டு. அவரவர் மண்டிப் பெயரைப் பெயின்டில் எழுதுகிறார்கள், உருக்கும்போது அந்தப் பெயின்ட் அழுக்காகக் கலக்கிறது. பெயரை அச்சிலேயே புடைப்பெழுத்தாக வைத்துவிட்டால் கடைசிவரை அழியாது, எதையும் கெடுக்கவும் செய்யாது. உடைந்த இடத்தை இரும்புக் கம்பியால் தைக்கிறார்கள், அது அரவைக் கத்தியை மழுக்குகிறது. அதே பிளாஸ்டிக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டினால் பழுதும் சரியாகும், பொருளும் ஒன்றாகவே இருக்கும். சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் வால்ட்டர் ஸ்டாஹெல், ஜெனிவீவ் ரெடேயோடு சேர்ந்து 1976-இல் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். பொருளின் ஆயுளை நீட்டினால் எரிசக்திச் செலவு குறைந்து மனித உழைப்புக்கு வேலை கூடும் என்பது அதன் சாரம். கிரேட் ஒட்டத் தெரிந்த ஓர் ஆள் காவேரிப்பட்டணத்தில் கடை போட்டால் பருவம் முழுக்க அவருக்கு வேலை இருக்கும்.

கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. கழுவாத கிரேட் ஒரு லோடின் அழுகல் நோயை அடுத்த லோடுக்குக் கொண்டுபோகும். கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் திணறும் ஊரில் இது சின்னச் செலவு இல்லை. உள்பக்கம் வழவழப்பாகவும் மூலைகள் வளைவாகவும் இருந்தால் பாதித் தேய்ப்பு மிச்சம்.

இவற்றில் எது வென்றது என்பதைத் தூரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர், சென்னையின் கோயம்பேடு சந்தை சுமார் 250. போன லாரி அடுத்த நாளே திரும்புகிறது, வாங்குபவரும் தெரிந்தவர், பெட்டிக்கு முன்பணம் பிடித்துக்கொண்டால் பெட்டி வந்துவிடும். இந்த வழிக்கு நான் தயங்காமல் கிரேட் என்பேன். டெல்லி 2,000 கிலோமீட்டருக்கு மேல். வெறும் பெட்டியை அங்கிருந்து யாரும் ஏற்றிவிட மாட்டார்கள். திரும்பாத கிரேட் என்பது ஒருமுறை பயன்படுத்திய இரண்டு கிலோ பிளாஸ்டிக்தான், அதைவிடப் படலம் ஒட்டாத அட்டை எவ்வளவோ மேல். பார்சலில் போகும் அன்பளிப்புப் பெட்டிக்கும் அட்டையே சரி.

பெங்களூர், சென்னை வழியிலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. நேர்ச்சுவர் கிரேட் காலியாக வந்தாலும் நிறைந்து வந்த அதே இடத்தை அடைக்கிறது. அதனால் லாரிக்காரர் மறுலோடு ஏற்ற முடியாமல் முகம் சுளிக்கிறார். சுவர் சற்றுச் சாய்வாக, ஒரு பக்கம் வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும்படியும், திருப்பி வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று அமரும்படியும் செய்த கிரேட்டுகள் உண்டு. காலியாக வரும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடமே போதும். மடக்குக் கிரேட்டும் உண்டு, ஆனால் அதன் கீல்தான் முதலில் உடையும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சாய்வுச் சுவரால் கிரேட்டுக்கு ஒன்றிரண்டு கிலோ காய் குறையும். திரும்பி வரும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் எங்களுக்கு அது கட்டுபடியாகிறது.

வரும் பருவத்துக்கு இந்தச் சாய்வுச் சுவர்க் கிரேட் ஐம்பது மட்டும் சொல்லியிருக்கிறோம். எச்.டி.பி.இ. ஒன்றே, பொடி கூடாது, கைப்பிடியும் அதே வார்ப்பில், பெயர் புடைப்பெழுத்தில், நிறம் கறுப்பு. கறுப்பு வெயிலை நன்றாகத் தாங்கும். பிளாஸ்டிக்கைக் கண்டு பிரிக்கும் இயந்திரக் கண்ணுக்குக் கறுப்பு தெரியாது என்பது வெளிநாட்டில் பெரிய குறை, நம் பக்கம் கையால்தான் பிரிக்கிறார்கள். மலிவாக வாங்கிய அந்த நூறில் இன்னும் முழுசாக இருக்கும் அறுபத்துச் சொச்சத்தைத் தோப்புக்குள்ளேயே, நிழலில், பறித்த காய் சுமக்க வைத்திருக்கிறோம்.