ஹட்டனில் வாங்கிய விசைப் பரிசோதனைப் பெட்டி: சாமான் நல்லது, தாளில்தான் பிழை

மகள் ஏழாம் ஆண்டு படிக்கிறாள். தொடுகை விசை, தொடுகையற்ற விசை என்று கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கிக்கொண்டிருந்தாள், பார்க்கப் பாவமாக இருந்தது. அதுதான் ஹட்டன் டவுனில் ஒரு புத்தகக் கடையில் 1,850 ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன். மூன்று வளையக் காந்தம், குச்சி, 10 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) வரை காட்டும் விற்தராசு, மரக்கட்டை, பலூன், ஒரு விளக்கத் தாள்.

காந்தங்களுக்காகவே வாங்கலாம். ஒத்த முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி குச்சியில் கோர்த்தால் மேல் வளையம் அந்தரத்தில் நிற்கிறது. விரலால் அழுத்திவிட்டால் துள்ளி வந்து ஆடி ஆடி அடங்குகிறது. பூமி கீழே இழுக்கிறது, அடியில் உள்ள காந்தம் மேலே தள்ளுகிறது, இரண்டுமே தொடாமல். குச்சி பக்கவாட்டில் தாங்குவது வளையம் புரளாமல் இருக்கத்தான், அதை உருவினால் உடனே திரும்பி ஒட்டிக்கொள்ளும்.

விற்தராசைக் கண்டதும் அம்மாயி, "மடுவத்துல கொழுந்து நிறுக்கிற தராசுக்குக் குட்டி மாதிரி இருக்கே" என்றார் (மடுவம் என்றால் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை). ஒரு கிலோ சீனியை மாட்டினோம், 10க்குக் கொஞ்சம் கீழே, 9.8 பக்கம் நின்றது. கொக்கி பையைத் தொட்டு மேலே இழுக்கிறது, பூமி தொடாமலே கீழே இழுக்கிறது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்துவது தொடுகை விசை என்று மகளே அம்மாயிக்குச் சொல்லிக் கொடுத்தாள், எனக்கு அதுவே போதும். அப்புறம் மரக்கட்டையை மேசையிலும் சாக்கிலும் இழுத்தோம், சாக்கில் உராய்வு கூட.

தாளை மட்டும் நம்பவேண்டாம். புத்தகம் மேசையைத் தொடுவதால் புவியீர்ப்பு தொடுகை விசையாம்! பிள்ளை பரீட்சையில் இப்படி எழுதினால் யார் பொறுப்பு? மேசை புத்தகத்தை மேலே தள்ளுவதுதான் தொடுகை. மேசையை எடுத்துவிட்டால் தள்ள ஒன்றுமில்லை, ஆனாலும் புத்தகம் விழுகிறதே, அப்போது அதை எது தொடுகிறது? கடையில் சொல்லிவிட்டு வந்தேன்.

பலூன் முதல் நாள் வேலை செய்யவில்லை, வெளியே ஒரே மூடுபனி. காற்று ஈரமாக இருந்தால் உரசிச் சேரும் மின்னேற்றம் நிற்காமல் கசிந்துவிடும், மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இதுதான் கதி. அடுப்பங்கரையில் காயவைத்த கம்பளியில் தேய்த்த பிறகு கடதாசித் துண்டுகள் எகிறி ஒட்டின. தேய்ப்பது தொட்டு, இழுப்பது தொடாமல்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே விற்தராசின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். எங்களுடையது அரை நியூட்டன் தள்ளி நின்றது, மேலே உள்ள திருகைத் திருப்பியதும் சரியாகிவிட்டது.