சுற்றறிக்கையா, வெபினாரா, ஒத்திகையா: தொற்றுக் காலத்து வகுப்பறைக்கு ஆசிரியரைத் தயார்செய்த வழிகள்

2020 டிசம்பர் 7. தமிழ்நாட்டில் இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி திறந்த நாள். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். வேதியியல் பாடம், 60 பேர் உட்காரும் அறையில் 30 பேர், தலைக்கு மேல் நாலு மின்விசிறி. அதற்குள் கொரோனா பாதுகாப்பு பற்றி எனக்கு 2 சுற்றறிக்கைகள் வந்திருந்தன, வெபினார்களில் கலந்துகொண்டதற்கு 11 சான்றிதழ்கள் மெயிலில் இருந்தன. வகுப்பு தொடங்கிப் பத்தாவது நிமிடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் "கேக்கல மேடம்" என்றாள். நான் யோசிக்கவே இல்லை, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்துவிட்டேன். மீதி நாற்பது நிமிடமும் அப்படியே போனது.

அந்தப் பத்தாவது நிமிடத்தில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் அந்த வருடம் எங்களைத் தயார்செய்யக் கையாண்ட ஒவ்வொரு வழியையும் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடப் போகிறேன்: கேட்கவில்லை என்று மாணவர் சொல்லும்போது ஆசிரியருக்கு எது கைகொடுக்கும்?

முதலில் சுற்றறிக்கை. 2020 நவம்பரில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: ஒரு நேரத்தில் 50 சதவீதத்துக்கு மேல் மாணவர்கள் கூடாது, வேண்டுமானால் வாரம் 6 நாள் வகுப்பு, இடைவெளி, முகக்கவசம், கைகழுவ வசதி. அதைக் கல்லூரிகள் தங்கள் லெட்டர்பேடில் மறுபடி எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களிடம் கொடுத்தன. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்த முழுக் காலத்திலும் எங்களுக்கு உண்மையில் பெரிய பாதுகாப்பாக இருந்தது பாதி மாணவர், சுழற்சி முறை என்ற ஏற்பாடுதான், அது எந்தப் பயிற்சியிலிருந்தும் வரவில்லை, உத்தரவாகத்தான் வந்தது. ஒரே நாளில் எல்லாருக்கும் போய்ச் சேரும், செலவில்லை, நிர்வாகம் முழு வகுப்பையும் கூப்பிடச் சொன்னால் "விதியில் அப்படி இல்லையே சார்" என்று காட்ட ஒரு தாள் கையில் இருக்கும்.

ஆனால் சுற்றறிக்கை எப்போதும் அறிவியலுக்கு ஓர் அடி பின்னால்தான் வரும். 2020 ஜூலையிலேயே 239 அறிவியலாளர்கள் சேர்ந்து, இந்தக் கிருமி காற்றில் மிதந்து பரவுகிறது, இதைக் கவனியுங்கள் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் பொதுமக்களுக்கான பக்கத்தில் அதைத் தெளிவாகச் சொல்ல 2021 ஏப்ரல் ஆனது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் கைக்கு வந்த தாள்களில் பெஞ்சைத் துடைப்பது பற்றி அரைப் பக்கம் இருந்தது, ஜன்னல் பற்றி ஒரு வரி. ஆசிரியரின் குரல் பற்றி ஒன்றுமே இல்லை. வாசலில் ஒருவர் நெற்றிக்கு நேராகத் தெர்மாமீட்டரை நீட்டிக்கொண்டு நின்றார், காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒருவரிடமிருந்து இது பரவும் என்பது அப்போதே தெரிந்திருந்தும்.

அடுத்தது வெபினார். 5 நாள் ஆன்லைன் எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), ஒரு மணி நேர விழிப்புணர்வு உரை, கடைசியில் ஒரு கூகுள் ஃபார்ம், அதை நிரப்பினால் மெயிலில் சான்றிதழ். நியாயமாகச் சொன்னால், ஆன்லைன் வகுப்பு எடுக்க இவைதான் எங்களைப் பழக்கின. ஓய்வுபெற மூன்று வருடம் இருந்த எங்கள் மூத்த பேராசிரியர் ஸ்கிரீன் ஷேர் செய்யக் கற்றது அப்படித்தான், அப்புறம் எங்களுக்கே சொல்லிக்கொடுத்தார். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டை அரசு இலவசமாகக் கொடுத்தபோது, அந்த டேட்டாவுக்கு ஏற்ற பாடத்தைத் தர முடிந்ததற்கு வெபினார்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆன்லைன் தொடர்வதுதான் பாதுகாப்பு என்றால் இதைவிட நல்ல வழி வேறில்லை.

நேரில் நடத்துவது என்று முடிவான பிறகு அதே வெபினார் உதவாது. ஐந்நூறு பேர் கேட்கும் உரையில் டாக்டர் கைகழுவும் ஏழு படிகளைக் காட்டுவார், சாட் பெட்டியில் நூறு "குட் மார்னிங்" ஓடும், "முகக்கவசத்தோடு ஐம்பது நிமிடம் எப்படிப் பேசுவது" என்று நான் தட்டிய கேள்வி அதற்கு நடுவில் மேலே போய்விடும். பேசுபவருக்கு என் அறை தெரியாது. மேடை எந்தப் பக்கம், மின்விசிறி எத்தனை, ஆய்வகத்தில் ஒரு பியூரெட்டுக்கு (அளவுக் குழாய்க்கு) எத்தனை பேர் என்று தெரியாமல் எனக்கு என்ன சொல்லித்தர முடியும்?

மூன்றாவது வழி எங்கள் துறைத் தலைவர் மேடம் செய்தது. கல்லூரி திறந்த முதல் வாரத்து வகுப்புகள் எப்படிப் போயின என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டிருந்தபோது நான் முகக்கவசத்தை இறக்கியதைச் சொன்னேன், இன்னும் இரண்டு பேர் "நாங்களும்தான்" என்றார்கள். சனிக்கிழமை துறையில் இருந்த ஆறு பேரையும் மேடம் வரச்சொன்னார். ஒருவர் பாடம் எடுக்க வேண்டும், முகக்கவசத்தோடு, முழு ஐம்பது நிமிடம். மற்றவர்கள் நாலு மூலையிலும் நடுவிலும் மாணவர்கள் மாதிரி உட்கார வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடினால் நாலாவது வரிசைக்கு அப்பால் ஒரு வார்த்தை விளங்கவில்லை. நிறுத்தினால் குரல் கேட்கிறது, ஆனால் வியர்த்துக் கொட்டி எல்லாரும் முகக்கவசத்தை இழுத்து இழுத்து விடுகிறோம். பின்பக்க ஜன்னல்கள் நாலும் குரங்குத் தொல்லைக்காக எப்போதோ ஆணி அடித்து மூடப்பட்டிருந்தன, நாங்கள் வருடக்கணக்கில் அந்த அறையில் பாடம் எடுத்தும் கவனித்ததில்லை. மேடம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மேசை மேல் வைத்தார். ஆய்வகத்தில் நச்சுப் புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹூட் சரியாக இழுக்கிறதா என்று புகை காட்டிப் பார்ப்போமே, அதே முறை. புகை மேலே போய் மின்விசிறிக்குக் கீழே சுழன்று, நேராக முதல் இரண்டு பெஞ்சுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. மின்விசிறி காற்றைக் கலக்கும், புதுக் காற்றைக் கொண்டுவராது என்று படித்திருக்கிறேன், ஆனால் அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். ஆணியைப் பிடுங்கிப் பின்பக்க ஜன்னல் இரண்டைத் திறந்து, எதிர்க் கதவையும் திறந்து வைத்தோம், அதே புகை பத்து எண்ணுவதற்குள் வெளியே இழுத்துக்கொண்டு போனது.

குரல் விஷயம் சின்ன விஷயம் இல்லை. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது, வந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் வந்தது, உறுதியானவர்களையும் வந்திருக்கக்கூடியவர்களையும் சேர்த்து. சத்தமாகப் பேசப் பேச, பாடப் பாட, வாயிலிருந்து வரும் நுண்துளிகள் கூடும். வகுப்பறையில் அதிக நேரம், அதிக சத்தமாகப் பேசுபவர் யார்? ஆசிரியர்தான். எங்களைப் பாதுகாப்பது பற்றியே எல்லாரும் பேசினார்கள், எங்களிடமிருந்து பிள்ளைகளைப் பாதுகாப்பது பற்றிப் பேசியவர்கள் குறைவு. 2021 மே மாதம் கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டியில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர், தடுப்பூசி போடாதவர், லேசான அறிகுறியோடு இரண்டு நாள் வகுப்புக்கு வந்தார், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது முகக்கவசத்தைக் கழற்றினார். வகுப்பில் 24 பேர். முதல் இரண்டு வரிசையில் 10 பேரில் 8 பேருக்குத் தொற்று, பின் மூன்று வரிசையில் 14 பேரில் 4 பேருக்கு. ஜன்னல்கள் திறந்திருந்த அறை அது. இதைப் பற்றிய அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டிசம்பர் 7 அன்று எனக்கு நோய் இல்லாதது வெறும் அதிர்ஷ்டம். எங்கள் ஊதுபத்திப் புகை நின்ற இடமும் முதல் இரண்டு பெஞ்சுதான்.

சரி, ஒத்திகைக்குப் பிறகு என்ன மாறியது? இடுப்பில் மாட்டும் ஸ்பீக்கரோடு காலர் மைக் ஆளுக்கு ஒன்று வாங்கினோம், நாலு பேர் சொந்தக் காசில். குரலை உயர்த்த வேண்டிய தேவையே போய்விட்டது, முகக்கவசம் மூக்கை விட்டு இறங்கவில்லை. முதல் வரிசையைக் காலியாக விட்டோம். நாற்பது நிமிடம் பாடம், பத்து நிமிடம் அறை காலி. வகுப்பு முடிந்ததும் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் சந்தேகம் கேட்கக் கூடுவார்கள் இல்லையா, உண்மையில் இடைவெளி உடைவது அங்கேதான், அதை வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். டைட்ரேஷன் செய்முறை வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரித்ததில் எங்கள் வேலை நேரம் இரட்டிப்பானது, அது கஷ்டம்தான், அதை மறைக்க முடியாது.

ஒத்திகைக்குக் குறை இல்லாமல் இல்லை. ஆறு பேர் துறையில் நடந்தது இருநூறு ஆசிரியர் கல்லூரியில் தானாக நடக்காது, ஒவ்வொரு துறையிலும் முன்னெடுக்க ஓர் ஆள் வேண்டும். சான்றிதழ் கிடையாது, அதனால் பதவி உயர்வுக் கணக்கில் அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. வெபினாருக்குக் கூட்டம் வருவதற்கும் இதற்கு வராததற்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாதிப் பேர் அறையில், மீதிப் பேர் லேப்டாப்பில், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பாடம் என்ற கலப்பு முறையையும் சில வாரம் முயன்றோம். மற்ற நாடுகளில் இதை ஹைஃப்ளெக்ஸ் என்கிறார்கள், சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கொரோனாவுக்கு வெகு காலம் முன்பே இருந்தது. அங்கே அதற்கு ஆள், கேமரா, மைக் எல்லாம் உண்டு. இங்கே லேப்டாப்புக்குக் கேட்க வேண்டுமே என்று ஆசிரியர் அதன் பக்கம் குனிந்து முகக்கவசத்தை இறக்குவார். என் கேள்விக்கு இது நேர் எதிரான பதில், வேண்டாம்.

இன்னொரு போட்டி வழியும் இருந்தது: ஆசிரியரை விடுங்கள், வளாகத்தையே தயார்செய்யுங்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் அர்பானா ஷாம்பெய்னில் 2020 ஆகஸ்டில் அப்படித்தான் செய்தது. தானே உருவாக்கிய எச்சில் பரிசோதனை, மாணவர் ஆசிரியர் எல்லாருக்கும் வாரம் இருமுறை, ஃபோன் ஆப்பில் அனுமதி காட்டினால்தான் கட்டடத்துக்குள் போகலாம். அதே மாதம் வட கரோலினா பல்கலைக்கழகம் சேப்பல் ஹில்லில் வந்து சேரும் மாணவர்களைச் சோதிக்காமல் ஆகஸ்ட் 10 அன்று வகுப்பு தொடங்கியது, 17 அன்று இளநிலை வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஒரே வாரம். இல்லினாயிலும் முதலில் எண்ணிக்கை ஏறியது, பாசிட்டிவ் என்று தெரிந்தும் சிலர் பார்ட்டிக்குப் போனார்கள், தொற்று எப்படிப் பரவும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டவர்கள் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அடிக்கடி சோதித்ததால் சீக்கிரம் பிடித்து இறக்க முடிந்தது.

சேப்பல் ஹில்லில் கூட்டாகத் தொற்று கண்டது விடுதிகளிலும் மாணவர் குடியிருப்புகளிலும்தான். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் 100 பேருக்கு மேல் தொற்று வந்தபோதும் பேச்சு விடுதியையும் மெஸ்ஸையும் சுற்றித்தான் இருந்தது. சாப்பிடும்போது முகக்கவசம் போட முடியாது. என் காலர் மைக்கும் ஊதுபத்தியும் மெஸ் வரைக்கும் போகாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு இல்லினாய் மாதிரி வசதி இருந்தால் நான் முதலில் அதைத்தான் கேட்பேன், இல்லாத இடத்தில் ஒத்திகையை. ஒரு பயிற்சி நாளுக்கான பணம் யார் கையில் இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: சுற்றறிக்கையை ஒரு பக்கமாகச் சுருக்குங்கள், வெபினாரை ஆன்லைன் கருவிகளோடு நிறுத்துங்கள், மிச்சத்தை மைக்குக்கும் ஜன்னலுக்கும் ஒத்திகைக்கும் கொடுங்கள்.

இந்த ஐந்து வழிகளில் எதுவும் தொடாத ஒன்று இருக்கிறது. எங்கள் துறையில் ஒருவர் மணிநேரக் கணக்கில் சம்பளம் வாங்குபவர். வராவிட்டால் அன்றைய பணம் இல்லை. 2021 பிப்ரவரியில் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் வகுப்பு தொடங்கிய பிறகு, ஒரு நாள் உடம்பு கொதிக்க, மாத்திரை போட்டுக்கொண்டு வந்து பாடம் எடுத்தார். 45 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அப்போது தடுப்பூசியும் வரவில்லை. கேட்டபோது "வீட்டு வாடகை இருக்குங்க மேடம்" என்றார். எந்தச் சுற்றறிக்கையைக் காட்டி அவரைத் திட்டுவது? நிர்வாகத்திடம் சம்பளத்தோடு விடுப்பு கேட்டோம், கிடைக்கவில்லை.

2021 செப்டம்பர் 1 அன்று கல்லூரி மறுபடி திறந்தபோது நாங்களே ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினோம். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைய அவருடைய வகுப்பை எங்களில் ஒருவர் எடுப்போம், அவர் தேறி வந்ததும் அதே எண்ணிக்கையில் எங்கள் வகுப்புகளை அவருக்குக் கொடுப்போம், மாதக் கடைசியில் மணிக்கணக்கு குறையாது. துறைத் தலைவர் மேடம் முதல் பெயராகத் தன் பெயரை எழுதினார். அந்த செமஸ்டரில் அந்தப் பட்டியல் நாலு முறை தேவைப்பட்டது.