வீட்டு ரவுட்டருக்கு 8.8.8.8-ஆ, 1.1.1.1-ஆ?

இணைய இணைப்பு தந்தவர்களின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் ஐபி முகவரியாக, அதாவது எண்ணாக, மாற்றித் தரும் சேவை) அடிக்கடி திணறியதால், ரவுட்டரில் அதை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8, 2009 டிசம்பரில் வந்தது. கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் 1.1.1.1 வந்தது 2018 ஏப்ரல் 1 அன்று. முட்டாள்கள் தினம்தான், ஆனால் விளையாட்டில்லை.

வேகத்தில் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. கூகுள் உங்கள் ஐபி முகவரியின் ஒரு பகுதியை, அதை ஏற்கும் தளங்களின் டிஎன்எஸ் சர்வர்களுக்குச் சொல்கிறது. அதனால் வீடியோ போன்றவை பக்கத்து சர்வரிலிருந்து வரும் வாய்ப்பு கூடும். கிளவுட்ஃபிளேர் அந்தரங்கம் கருதி பொதுவாக அதைச் சொல்வதில்லை. ஆனால் ரவுட்டரில் வெறும் எண்ணை மட்டும் போட்டால், இரண்டில் எதை எடுத்தாலும், எந்தத் தளம் வேண்டும் என்ற கேள்விகள் மறையாக்கம் இல்லாமல், வழியில் இருப்பவர்கள் படிக்கும்படிதான் போகும்.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, வைரஸ் பரப்பும் தளங்களோடு ஆபாசத் தளங்களையும் தடுக்கும். கூகுளிடம் அப்படி ஒரு முகவரி இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது 1.1.1.3தான். அப்புறம், ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் கட்டம் காலியாக இருக்கிறதே என்று 8.8.8.8-ஐப் போட்டுவிடாதீர்கள், சில கேள்விகள் அங்கே போய் தடுப்பு ஓட்டையாகிவிடும். அங்கே போட வேண்டியது 1.0.0.3.