நூறு பேருக்குச் சாப்பாடு: புளியோதரையா, சாம்பார் சாதமா, வெண்பொங்கலா?

கையில் பணம் குறைவு, சாப்பிட வருகிறவர்கள் நூறு பேர் என்றால் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் "புளியோதரை போட்டுடலாம்ப்பா, அதுதான் சுலபம்" என்பார்கள். சுலபம், சரி. மலிவு என்று யார் சொன்னது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் புளியோதரையை வைத்து நூறு பேர் வயிற்றை நிரப்ப 12 கிலோ அரிசியாவது வேண்டும். கிலோவுக்கு 150 மில்லி நல்லெண்ணெய்க்குக் கீழே போனால் சாதம் தொண்டையில் நிற்கும், ஆக எண்ணெய் மட்டுமே 2 லிட்டர் கிட்ட வந்துவிடுகிறது; அப்புறம் புளி, வேர்க்கடலை, வெந்தயம், பெருங்காயம் என்று மளிகை லிஸ்ட் நீளும். இவ்வளவு செய்தும் அதில் காய் கிடையாது, பருப்பும் தாளிப்பில் போட்டதுதான், மூன்று மணிக்கெல்லாம் திரும்பப் பசிக்கும். தொன்னையில் பிரசாதமாகக் கொடுக்க அதை அடிக்க ஆளில்லை. பந்தி போட்டுப் பரிமாற அது சரிவராது என்பது என் கட்சி.

சாம்பார் சாதத்துக்கு அதே நூறு பேருக்கு 7 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு, 8 கிலோ காய் போதும். பருப்பு விலைதான் கொஞ்சம் உறுத்தும், ஆனால் அரிசியில் 5 கிலோ மிச்சம், எண்ணெயும் பாதி ஆகாது. காயில் கௌரவம் பார்க்காதீர்கள். கத்தரி, பூசணி, முருங்கை, அவரை, அன்றைக்குச் சந்தையில் எது மலிவோ அதுதான் காய். கவனிக்க வேண்டிய இடம் புளி. பருப்பும் அரிசியும் குழைவதற்கு முன்னால் புளிக்கரைசலை ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும், எவ்வளவு விறகு தள்ளினாலும் வேகாது. அப்புறம் பதம். அண்டாவை இறக்கும்போது "என்னடா இது, கஞ்சி மாதிரி ஓடுது" என்று பக்கத்தில் நிற்கிறவர் கேட்க வேண்டும், அதுதான் சரியான பதம். அரைமணி நேரத்தில் தானாக இறுகிவிடும். இறக்கும்போதே கெட்டியாக இருந்தால் இரண்டாம் பந்திக்குக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்கணும். பக்கத்து அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர் கொதித்தபடி இருக்கட்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தால் ருசியே போய்விடும். சித்திரை வெயிலில் தேங்காய் அரைத்து விடாதீர்கள், சீக்கிரம் ஊசிப்போகும்.

வெண்பொங்கல் பற்றிச் சொல்வதானால் மாசம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தை, மாசியில் சம்பா அறுத்த புது அரிசி வீட்டிலேயே கிடக்கும், அது குழைகிற அழகுக்குப் பொங்கல்தான் சரி. (புளியோதரைக்கு நேர் எதிர், பழைய அரிசி இல்லாவிட்டால் பொலபொலவென்று நிற்காது.) பயறும் நம்ம ஊர்ச் சரக்கு, சம்பா அறுவடையை ஒட்டி வயலில் மிச்சமிருக்கிற ஈரத்திலேயே உளுந்தும் பயறும் விதைப்பது இங்கே வழக்கம்தானே. 7 கிலோ அரிசிக்கு 2 கிலோ பாசிப்பருப்பு. நெய், முந்திரி என்று கை நீள்கிற இடத்தில்தான் செலவு ஏறுகிறது. தாளிக்க எண்ணெய், மேலே வாசனைக்கு மட்டும் கொஞ்சம் நெய், முந்திரிக்கு டாட்டா. தொட்டுக்கொள்ளச் சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு வைத்தால் ஒருத்தரும் முந்திரியைத் தேட மாட்டார்கள். ஒரே தொல்லை, பொங்கல் அடிப்பிடிக்கும்; பெரிய அண்டாவில் துடுப்பு போட மாற்றி மாற்றி இரண்டு பேர் நிற்கணும், அடியில் லேசாகக் கருகினாலும் அந்த வாடை மொத்தப் பாத்திரத்துக்கும் ஏறிவிடும்.

தக்காளி சாதம்? தக்காளி விலையை நம்பி மெனு போடுவது சூதாட்டம், அதை விடுங்கள்.

ஆகக் காலை என்றால் பொங்கல், மத்தியானப் பந்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாம்பார் சாதம். புளியோதரையை எப்போது எடுப்பேன் என்றால், வேளாங்கண்ணிக்கோ வேதாரண்யத்துக்கோ வேன் வைத்துக் கூட்டமாகக் கிளம்பும்போது. முந்தின ராத்திரியே புளிக்காய்ச்சல் செய்து, விடியக்காலையில் சாதம் வடித்துப் பரப்பி, ஆறினதும் பிசைந்து கட்டினால் சாயங்காலம் வரை தாங்கும். சாம்பார் சாதத்தை வேனில் ஏற்றினால் பள்ளத்துக்குப் பள்ளம் அண்டாவைப் பிடிக்கவே ஓர் ஆளை உட்கார வைக்கணும்.