ஃபில்லரா, ஃபேஸ்லிஃப்ட் சர்ஜரியா? குன்னூர், கோத்தகிரி பக்கம் யோசிக்கிறவங்களுக்கு

நம்ம மலைல குளுருக்கு வெயில் உறைக்கிறதே இல்ல, ஆனா புற ஊதாக்கதிர் கீழ விட இங்க ஜாஸ்தி, சுருக்கம் சீக்கிரமே விழுந்துடுது.

ஃபில்லர்னா பெரும்பாலும் ஹையலூரானிக் ஆசிட் ஜெல், தோலுக்கு அடில ஊசில ஏத்தி பள்ளத்த நிரப்புவாங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும், 6ல இருந்து 18 மாசம் வரைக்கும் நிக்கும், பிடிக்கலன்னா ஹையலூரானிடேஸ் ஊசி போட்டு கரைச்சிரலாம். கன்னம் ஒட்டிப்போனவங்களுக்கு, மூக்கோரம் கோடு விழுந்தவங்களுக்கு நல்லாவே எடுபடும். ஆனா தாடைக்கு கீழ தொங்குற தோலுக்கு எத்தன ஊசி போட்டாலும் முகம் உப்புமே தவிர தோல் ஏறாது, அதுக்கு தோல இழுத்து தைக்கிற ஃபேஸ்லிஃப்ட் சர்ஜரிதான். மயக்க மருந்து, காதோரம் தையல், 2 வாரம் வீக்கம் எல்லாம் உண்டு, பலன் சுமாரா 10 வருஷம்.

ஊசிதானேன்னு பார்லர்ல மட்டும் போட்டுக்காதீங்க, ப்ளீஸ். ஜெல் ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா தோல் வெளுத்து வலிக்கும், அழுகிக்கூட போகலாம், அபூர்வமா கண் பார்வையே போயிருக்கு. உடனடியா கவனிக்கணும், அதனால கோயம்புத்தூர்ல போட்டுக்கிட்டா அன்னிக்கே மேட்டுப்பாளையம் காட் ரோடு ஏறாம ராத்திரி அங்கயே தங்கிடுங்க. லேசான கோடுன்னா என் ஓட்டு ஃபில்லருக்குத்தான், தோல் தொங்கிடுச்சுன்னா நேரா பிளாஸ்டிக் சர்ஜன பாருங்க.